வெயில் பொது, பட்டா என் பேரில்

1

பூதலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஐந்தாம் வகுப்போடு பையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கிளம்பி, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தையே இட்லி தின்ன வைத்த மாரிமுத்து எழுதுகிறேன். ஊரில் எல்லோரும் சுகம்தானே? நகரத்தையே என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் என் மனைவி சரோஜா, "நம்ம கடைத் தெருவுலயே பாதிப் பேருக்கு இட்லின்னா என்னன்னு தெரியாது, நகரமாம்" என்கிறாள். அவள் சொல்வதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிடுவாள்.

என் தொழில் இட்லி மாவு. இந்த ஊரில் மாவை அரைத்து டப்பாவில் அடைத்து விற்ற முதல் ஆள் நான்தான். எனக்கு முன்னால் ஒருவர் விற்றதாகச் சிலர் சொல்கிறார்கள். அவர் கடையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டதால் முதல் இடம் எனக்கு வந்துவிட்டது.

நான் முதல் கிரைண்டரை ஓட்டிய நாள் தைப் பொங்கலை ஒட்டி வரும். வருடா வருடம் அன்றைக்குக் கிரைண்டருக்குப் பொட்டு வைத்து, வேலையாட்களுக்குப் பாயசம் ஊற்றி, நான் எப்படி முன்னேறினேன் என்று ஒரு பேச்சும் பேசுவேன். பாயசத்துக்காகப் பேச்சைப் பொறுத்துக்கொள்வார்கள்.

நம் ஊரில் தை மாதம் பனி. இங்கே தை மாதத்தில்தான் தார் ரோடு செருப்பில் ஒட்டும். இந்தத் தடவை அந்த நாளில் அடித்த வெயிலுக்கு ஊரே ஏசியைப் போட, எங்கள் வட்டாரத்துக்குக் கரண்ட் போய்விட்டது. மாவு வைக்கும் குளிர் அறை நின்றது. என் பேச்சு பாதியில் இருந்தபோதே உள்ளே டப்பென்று ஒரு சத்தம். பிறகு வரிசையாகச் சத்தம். தஞ்சாவூர் வெயிலைக் கண்ட சந்தோஷத்தில் மாவு புளித்துப் பொங்கி, டப்பா மூடிகளைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. எல்லோரும் பாயசக் கிண்ணத்தோடு நின்று பார்த்தோம். என்னிடம் வேலை பார்க்கும் நேபாளக்காரர் மட்டும் மரியாதையாக, "ஹேப்பி பொங்கல், பாஸ்" என்றார்.

அந்த வாரம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. மாவு அரைக்க ஆகும் கரண்டைவிட, அரைத்த மாவைப் புளிக்காமல் வைத்திருக்கத்தான் அதிகம் ஆகிறது. மாவைப் புளிக்க வைப்பதற்கு வெயில் சும்மா கிடைக்கிறது. புளிக்காமல் வைப்பதற்குத்தான் காசு.

2

வெயிலை வைத்தே அந்தக் காசைக் குறைக்கலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. இங்கே அரசாங்கம் கூரை மேல் சோலார் பேனல் வைக்க மானியம் கொடுத்தபோது எங்கள் தெருவில் முதலில் ஓடியவன் நான். (இரண்டாவதாக, என்கிறாள் சரோஜா.) பகலில் பேனலில் வருகிற கரண்ட் நமக்குச் சும்மா. பொழுது சாய்ந்தபின் கம்பெனிக்காரன் கரண்ட், யானை விலை. வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவனுக்கு இது புரிய எவ்வளவு நேரம் ஆகும்? வீட்டில் முறை வைத்துவிட்டேன். வெயில் ஏறியதும் துணி துவைக்கும் மெஷின். அது முடிந்தால் பாத்திரம் கழுவுவது. அதற்குப் பிறகு வெந்நீர்த் தொட்டி. ஒன்று ஓடும்போது மற்றதுக்கு மடை அடைப்பு. பொழுது போனபின் சரோஜா மிக்ஸியைப் போட்டால், முறை இல்லாத நேரத்தில் மடையை வெட்டியவரைப் பார்ப்பது போலப் பார்ப்பேன்.

"ராத்திரிக்குச் சட்னி வேணும்னா மத்தியானமே மனு எழுதிக் குடுத்துருங்க" என்பாள்.

ஆனால் பில் குறைந்தது. அதை அவள் சொல்ல மாட்டாள். நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீடு சொந்தம். மாவுக் கடை நடக்கும் கொட்டகை வாடகை. அதன் சொந்தக்காரர் ஸ்டாவ்ரோஸ், கிரேக்க நாட்டிலிருந்து சின்ன வயதில் வந்தவர். என்னைவிட மூத்தவர். என்னைப் போலவே படிக்காதவர், என்னைப் போலவே பெருமை பேசுகிறவர். அதனால் எங்களுக்கு ஒத்துப்போகும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், யாரும் கேட்பதில்லை, சண்டையும் வருவதில்லை. கொட்டகையின் தகரக் கூரை நெல் காயப்போடும் களம் அளவுக்குப் பரந்து கிடக்கும். அதில் பேனல் வைத்தால் குளிர் அறை பகல் முழுக்கச் சும்மா ஓடும்.

கேட்கப் போனேன். நான் பேசும் ஆங்கிலம் மாவு விற்கப் போதும், வேறு எதற்கும் போதாது. "உங்கள் கூரையை எனக்குக் கொடுங்கள்" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "விற்பதற்கில்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

அப்புறம் என் மகள் கயலைக் கூப்பிட்டுக் கடிதம் எழுதச் சொன்னேன். கயல் இங்கே பிறந்தவள். தனியாகக் குடியிருக்கிறாள். சைக்கிளில் வேலைக்குப் போகிறாள், பூமி சூடாகிறது என்று கவலைப்படுகிறாள், அப்பா அரைத்த மாவை வாங்கிக்கொண்டு போய் ஃபிரிட்ஜில் மறந்துவிடுகிறாள். தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அவள் அழகாகக் கடிதம் எழுதினாள். செலவு முழுக்க எங்களுடையது, கூரையில் ஓட்டை விழுந்தால் நாங்களே அடைத்துத் தருகிறோம் என்றெல்லாம். ஸ்டாவ்ரோஸ் படித்துவிட்டு நேரில் வந்தார்.

"பேனல் உன்னுடையது, கூரை என்னுடையது. நாளைக்கு நீ செத்துப்போனால் அதை யார் கழற்றுவது? என் கூரை மேல் உன் பொருள் இருந்தால், கூரை யாருடையது என்று ஒருநாள் ஒரு வக்கீல் கேட்பான்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் கத்தினேன். "வேகுறவன் நான், பில்லு கட்டுறவன் நான். வெயிலு அவங்க அப்பன் வீட்டுதா? சும்மா கெடக்குற கூரைக்கு என்னா நோவு?"

அந்தச் சமயம் இங்கே ஒரு தேர்தல். ஒரு வேட்பாளர் எங்கள் கடைக்கு வந்து தோசை தின்றுவிட்டு, என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். தன் கட்சி வந்தால் பேனல் கரண்டைச் சேர்த்து வைக்கும் பேட்டரிக்கு மானியம் என்றார். போன ஆட்சி கொடுத்ததை இந்த ஆட்சி நிறுத்தும், இது கொடுப்பதை அடுத்தது பேர் மாற்றிக் கொடுக்கும். இதையெல்லாம் ஊரிலேயே பார்த்துவிட்டு வந்தவன் நான். ஒன்றே ஒன்று கேட்டேன்: "வாடகைக் கொட்டகையில் இருக்கிறவனுக்கு என்ன?" அவர் "மிக நல்ல கேள்வி" என்றார். இந்த நாட்டில் யாராவது அப்படிச் சொன்னால் பதில் இல்லை என்று அர்த்தம். கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

3

இப்போது ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டுக் குடியுரிமை வாங்குவதற்கு முன்பே, மாவுக் காசில் நம் ஊரில் ஒரு வயல் வாங்கிப் போட்டேன். எங்கள் வாய்க்காலின் கடைசி வயல். மேட்டூர் திறந்து, ஆறு வந்து, வாய்க்கால் ஓடி, மேலே இருக்கிறவர்கள் எல்லாம் பாய்ச்சி முடித்தபின் மிச்சமிருந்தால் வரும். ஆகவே முதல் போகமான குறுவை போட வேண்டுமானால் போர்க் கிணற்றுத் தண்ணீர்தான்.

அதைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவள் வசந்தா. தூரத்து உறவு, முறைக்கு எனக்கு மருமகள். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார், அறுப்பு அன்றைக்கு மட்டும் வயல் பக்கம் வருவார். மற்றதெல்லாம் அவள்தான். குத்தகை வாய்ப்பேச்சு. நம் பக்கத்தில் அப்படித்தானே? எழுதிக் கேட்டால் என்னைச் சந்தேகப்படுகிறாயா என்பார்கள். எழுதிக் கொடுத்தால் உனக்குப் பைத்தியமா என்பார்கள்.

போருக்குக் கரண்ட் கிடையாது. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் கேட்டு நான் போட்ட மனு வரிசையில் நிற்கிறது. வசந்தா ஆயில் இன்ஜின் வைத்து இறைக்கிறாள். இல்லாவிட்டால் வடக்கு வயல்காரரிடம் தண்ணீர் வாங்க வேண்டும். அவருக்கு எப்போதோ இலவச இணைப்பு கிடைத்துவிட்டது. மோட்டார் அவர் அப்பா காலத்தது, கரண்டைக் குடித்துக் குடித்து இறைக்கும். கரண்ட் வந்தால் தானாக ஓடுகிற மாதிரி ஸ்டார்ட்டரை வைத்திருக்கிறார். வயல் நிரம்பி ரோட்டில் ஓடினாலும் ஓடும். நல்ல மோட்டாராகப் போடக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். "சும்மா வர்ற கரண்டுக்கு எவனாச்சும் காசு குடுத்துப் புது மோட்டாரு வாங்குவானாண்ணே?" என்றார். சும்மா வந்த கரண்டில் இறைத்த தண்ணீரைத்தான் அவர் வசந்தாவுக்கு மணிக்கணக்கில் விற்கிறார்.

மாவு பொங்கிய சில நாட்களுக்குப் பிறகு வசந்தா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள்.

"மாமா, நல்லா இருக்கீங்களா? அத்தை நல்லா இருக்காங்களா? கயல் பாப்பா?"

"விஷயத்தச் சொல்லு. நீ நலம் விசாரிச்சா பின்னாடியே ஒரு செலவு வரும்."

"சோலார் பம்புக்கு மனு வாங்குறாங்க மாமா. பெரும்பங்கு அரசாங்கம் போடுது, மிச்சத்த நாம கட்டுனாப் போதும். ஆனா இங்க தேர்தல் தேதி சொல்லிட்டா அப்புறம் எந்த உத்தரவும் போட மாட்டாங்களாம். அதுக்குள்ள குடுக்கணும்."

"குடு. யாரு வேணாம்னா?"

"என் பேர்ல எப்புடிக் குடுக்குறது? பட்டா ஒங்க பேர்ல கெடக்கு. நான் குத்தகைக்காரின்னு எழுதிப் பதிஞ்சு குடுங்க. அதக் கொண்டாந்தா என் பேர்லயே போட்டுக்கலாம்னாங்க."

பதிந்து என்ற சொல்லுக்குப் பிறகு அவள் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. குத்தகைக்காரர் பேர் பதிவேட்டில் ஏறிவிட்டால் அவரை வயலைவிட்டு இறக்குவது லேசில்லை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் நிலம் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் பத்திரத்தோடு சேர்ந்து இந்தப் பயமும் கிரயமாகிவிடும். உழுகிறவரைக் காப்பாற்ற வந்த சட்டத்துக்குப் பயந்து, உழுகிறவர் பேரையே எங்கும் எழுதாமல் விட்டவர்கள் நாம்.

இதை அவளிடம் சொல்ல முடியுமா? அரசியல் பேசினேன். "தேர்தல் வருதுல்ல? வரிசையில நிக்கிறவங்களுக்கெல்லாம் இலவசக் கரண்டு குடுத்துத்தான் ஆவணும். கொஞ்சம் பொறு. நான் எத்தன தேர்தலப் பாத்தவன்!"

"போன தேர்தலுக்கும் இதேதான் சொன்னீங்க மாமா."

"அப்ப நெலம வேற."

"எனக்கு நெலம அதேதான் இருக்கு. டீசல்லயே பாதி நெல்லு போவுது. இந்தத் தடவ பம்புக்கு வழி இல்லன்னா குறுவை வைக்க மாட்டேன். வயல ஒங்ககிட்ட ஒப்படைச்சிட்டுத் திருச்சிக்குப் போறேன். ஆஸ்பத்திரி கேன்டீன்ல ஆள் கேக்குறாங்க. மாசச் சம்பளம், நெழல்ல வேல. யோசிச்சுச் சொல்லுங்க."

4

வசந்தா பேசியபோது கயல் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். ஸ்டாவ்ரோஸுக்கு இரண்டாவது கடிதம் எழுத நான்தான் வரவழைத்திருந்தேன். போனை வைத்ததும் நான் கடிதத்தைச் சொல்லத் தொடங்கினேன். "எழுதும்மா. மனசாட்சி உள்ள மனுஷன் ஒரு பயிருக்கு, ச்சீ, ஒரு தொழிலுக்குக் குறுக்க நிக்க மாட்டான்னு எழுது."

அவள் எழுதவில்லை. "அப்பா, வசந்தா அக்காக்கு ஏன் சைன் போடலை?"

"அது ஒனக்குப் புரியாதும்மா. அது நெலம்."

"இது கூரை."

"அது வேற, இது வேற."

"நீங்க ஸ்டாவ்ரோஸ் மேல தினமும் கோபம் படுறீங்க. ஆனா வசந்தா அக்காக்கு நீங்கதான் ஸ்டாவ்ரோஸ்."

தமிழ் சரியாக வராத பிள்ளைக்கு இந்த ஒரு வாக்கியம் மட்டும் தப்பில்லாமல் வந்துவிட்டது. எனக்குக் கோபம். நான் என்ன, கதவைச் சாத்தினேனா? அந்தப் பெண்ணுக்கு வருடா வருடம் தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுக்கவில்லையா? சரோஜா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "அந்தக் கெழவருந்தான் கிறிஸ்மஸ்ஸுக்கு நமக்குக் கேக்கு குடுக்குறாரு."

வீட்டில் இரண்டு பொம்பளைகளும் ஒரு கட்சி. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இரண்டு நாளும் அவர்களுக்கு அது தெரியவில்லை என்பதுதான் வருத்தம்.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை உதித்தது. படித்தவர்களுக்கு உதிக்காத யோசனை. நானே ஊருக்குப் போய் என் பேரிலேயே மனுப் போட்டால் என்ன? பம்பும் வரும், பதிவும் வேண்டாம். வசந்தாவுக்குத் தண்ணீர், எனக்கு நிலம். டிக்கெட் எடுத்துவிட்டேன். நல்ல காரியத்துக்குப் போகிறேன் என்று கயல் கட்டிப்பிடித்துக்கொண்டாள். யோசனையின் மற்ற பாதியை நான் அவளிடம் சொல்லவில்லை.

5

தஞ்சாவூரில் சோலார் பம்பு மனு வாங்கும் அலுவலகத்துக்கு வசந்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சிட்டா, அடங்கல், புல வரைபடம் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவள் மார்போடு அணைத்திருந்தாள். உள்ளே ஒரு பெண் அதிகாரி. சின்ன வயது, நல்ல மரியாதை.

"சொல்லுங்க சார்."

"சோலார் பம்பு வேணும். நான்தாங்க விவசாயி."

அவர் என் ஷூவைப் பார்த்தார். பிறகு சாகுபடி விவரம் எழுதிய அடங்கலைப் பார்த்தார். "சாகுபடி நீங்கதான் பண்றீங்களா?"

"பரம்பரையாவே விவசாயங்க."

"சரிங்க. எங்க இருக்கீங்க?"

ஊரில் என்று ஒரு வார்த்தை சொல்லி வாயை மூடியிருக்கலாம். ஆனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் என் வாய் என் பேச்சைக் கேட்காது. அடிலெய்டில் ஆரம்பித்தேன். ஐந்தாம் வகுப்பு, முதல் கிரைண்டர், இப்போது இருக்கிற கிரைண்டர்கள், குளிர் அறை, வேலையாட்கள், இரண்டு கார், சொந்த வீடு. வேட்பாளர் என் தோளில் கை போட்ட படத்தையும் போனில் எடுத்துக் காட்டினேன். அந்த அம்மா முகம் சுளிக்காமல் முழுக்கக் கேட்டார். பக்கத்து மேசைக்காரரும் எழுந்து வந்து படத்தைப் பார்த்தார்.

"ரொம்பச் சந்தோஷம் சார்" என்றார் கடைசியில். "ஆனா இது இங்க இருந்து சாகுபடி பண்றவங்களுக்கு. அதுலயும் சிறு விவசாயிக்கு முன்னுரிமை. உங்களுக்கு எதுக்கு சார் மானியம்?"

வசந்தா மெல்லக் குனிந்து என் காதில், "தெனம் எத்தன வாளி மாவுன்னு சொன்னீங்களா, இல்ல விட்டுப்போச்சா மாமா?" என்றாள்.

அதிகாரி அவளைப் பார்த்துச் சொன்னார்: "நீங்கதானே உழுறீங்க? உங்க பேர்ல போடலாம்மா. குத்தகை எழுதி, பதிவுக்கு மனுக் குடுத்துட்டு, அந்தக் காகிதத்தோட வாங்க. ஆனா சீக்கிரம். தேர்தல் அறிவிப்பு வந்துட்டா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். என் யோசனை செத்துவிட்டது. வசந்தா இரண்டு டீ சொன்னாள்.

"டீயக் குடிங்க மாமா, ஆறுது."

"வசந்தா, ஒன்ன நான் சந்தேகப்படல. நீ நல்ல புள்ள. நாளைக்கு நான் செத்துட்டேன்னு வையி. என் பொண்ணு வந்து வயலக் கேக்குது. பதிவுல ஒன் பேரு, வயல்ல ஒன் பம்பு. அத யாரு கழட்டுறது?"

சொல்லி முடித்தபோது என் வாயிலிருந்து ஸ்டாவ்ரோஸ் பேசிவிட்டார் என்று தெரிந்தது. அதே வார்த்தை. ஆங்கிலம் மட்டும்தான் இல்லை. அந்தக் கிழவரின் முகத்தில் கண்ட பயத்தைக் கஞ்சத்தனம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், அதே முகத்தை வைத்துக்கொண்டு தஞ்சாவூர் டீக்கடையில் நின்றேன்.

வசந்தா சிரித்தாள். "கயல் வந்து நாத்து பறிக்கப் போவுதாக்கும்?"

"வெளையாடாத. பதில் சொல்லு."

"சொல்றேன். ஒங்களுக்கப்புறம் நெலத்த வித்தா, நான் சும்மா எறங்கிப் போவேன்னு பொய் சொல்ல மாட்டேன். எனக்குன்னு ஒரு பங்கு பேசுங்க, வாங்கிட்டு ஒதுங்கிக்கிறேன். ஊருல எல்லாரும் பண்றதுதான். வயல முழுங்க மாட்டேன். வெறுங்கையோடயும் போவ மாட்டேன். இப்ப சொல்லுங்க, நான் குறுவை வைக்கவா, திருச்சிக்கு பஸ் ஏறவா?"

புடவைக்குப் பல்லிளிக்காமல் இவ்வளவு நேராக அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் இதுவரைக்கும் பேரில்லாமல் இருந்த பயத்துக்கு இப்போது ஓர் அளவு தெரிந்துவிட்டது. அளவு தெரிந்த பயத்தோடு வியாபாரம் பண்ணிப் பழகியவன் நான். அந்தக் கிழவரிடமும் யாராவது இப்படி நின்று பேசியிருந்தால் என்று தோன்றியது. நாங்கள் கடிதம்தான் எழுதினோம்.

"வை குறுவைய" என்றேன். பிறகு டீக்கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "நம்ம பங்குத் தொகை மொத்தமும் நானே கட்டுறேன்!" என்றேன்.

"வேணாம். பாதி நான் கட்டுறேன். மொத்தத்தயும் நீங்க கட்டுனா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவீங்க."

டீக்கடைக்காரர் சிரித்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன். மறுநாளே குத்தகை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் பெரிதாக, சுழித்து இருக்கும். அன்றைக்குப் பேனா கொஞ்சம் சிறிதாகவே எழுதியது.

6

வசந்தா மனுவைக் கொடுத்த அதே வாரத்தில் தேர்தல் தேதியை அறிவித்துவிட்டார்கள். அலுவலகச் சுவரில் இருந்த தலைவர் படங்களை எல்லாம் காகிதம் ஒட்டி மறைத்தார்களாம். மனு உள்ளே போய்விட்டது, உத்தரவு வெளியே வரவில்லை. நான் அடிலெய்டு திரும்பிவிட்டேன்.

ஓட்டுப் போட்டு, எண்ணி, யார் வந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதை இங்கே எழுதினால் உங்களில் பாதிப் பேர் இதற்கு மேல் படிக்க மாட்டீர்கள். வந்தவர்கள் எல்லாத் திட்டத்தையும் எடுத்து ஒரு தடவை உதறிப் பார்த்தார்கள். அதற்குள் குறுவைக் காலம் வந்துவிட்டது. வசந்தா திருச்சிக்குப் போகவில்லை. "பேரு ஏறிடுச்சுல்ல, பாத்துருவோம்" என்று வடக்கு வயல்காரரிடம் தண்ணீர் வாங்கியே நட்டாள். சும்மா வந்த கரண்டின் தண்ணீரை அந்த ஒரு போகத்துக்கும் காசு கொடுத்து வாங்கினாள்.

இங்கே உட்கார்ந்து இதையெல்லாம் யோசிக்கும்போது எனக்கு ஒன்று தெரிகிறது. ஐந்தாம் வகுப்புக்காரனுக்குத் தெரிவது கோட்டையில் இருப்பவர்களுக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியும். இங்கே ஆகட்டும், அங்கே ஆகட்டும், மானியம் கூரை வைத்திருப்பவன் வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது, பட்டா வைத்திருப்பவன் பையிலேயே நின்றுவிடுகிறது. கூரைக்குக் கீழே வேகிறவனும் பட்டாவுக்குக் கீழே உழுகிறவளும் அவரவர் சொந்தக்காரர் மனசு வைத்தால்தான் அதைப் பார்க்க முடியும். அந்த மனசுக்கு எந்தக் கட்சியும் மானியம் அறிவிக்கவில்லை. இலவசக் கரண்ட் தருகிறேன் என்றால் ஓட்டு விழும். நல்ல மோட்டார் மாற்றித் தருகிறேன் என்றால் கைதட்டல்கூட விழாது. நான் தேர்தலில் நின்றாலும் இலவசக் கரண்டுதான் தருவேன். பொய் சொல்லி என்ன?

ஸ்டாவ்ரோஸிடம் மறுபடி போனேன், கடிதம் இல்லாமல். வாடகைக் காலம் முடிந்தால் பேனல் கூரையோடு உங்களுக்கே என்று சொன்னேன். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை, காபி கொடுத்தார். அவர் மகளைக் கேட்க வேண்டுமாம். மகள் வேறு ஊரில் இருக்கிறாளாம், போனை எடுப்பதில்லையாம். கயல் பற்றி நானும் கொஞ்சம் சொன்னேன். அன்றைக்கு இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டோம். கூரை விஷயம் இன்னும் யோசனையில்தான் இருக்கிறது.

புரட்டாசிக் கடைசியில் பம்பு வந்தது. வசந்தா வீடியோவில் கூப்பிட்டாள். வரப்போரம் நான்கு கால் நட்டு, பேனல் சாய்ந்து நிற்கிறது. போர்க் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் அவள் கத்திப் பேச வேண்டியிருந்தது. அறுத்த குறுவைத் தாள் கிடக்கிற வயலில், அடுத்த போகமான தாளடிக்கு நாற்றங்கால் போடும் இடம் கறுத்து நனைந்திருந்தது. சரோஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு, உண்மையைச் சொல்கிறேன், வேறு ஒன்று தோன்றியது. கோயில் டியூப்லைட்டில்கூட வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயதாரர் பேரை எழுதுகிற ஊரல்லவா நம்முடையது?

"வசந்தா, பேனல் கால்ல ஒரு தகடு அடிச்சு எழுதிப்புடு. உபயம், மாரிமுத்து, அடிலெய்டு. எழுத்து பெருசா இருக்கட்டும், ரோட்டுலேருந்து தெரியணும்."

"போர்டு ஏற்கெனவே வச்சிட்டாங்க மாமா" என்று போனைத் திருப்பினாள். அரசாங்கப் போர்டு. திட்டத்தின் பேர் புதுசாய் மாற்றி எழுதியிருந்தது. அதன் கீழே பயனாளி என்று போட்டு, வசந்தாவின் பேர் முழுசாக, வீட்டுக்காரர் பேரோடு.

"என் பேரு எங்க?"

"ஒங்க பேருதான் பட்டாவுல இருக்கே மாமா. இன்னும் எத்தன எடத்துல போடுறது?"

"அது சரி. பேனல தெனம் தொடைக்கணும். காலையில மொதல்ல மேல்கரைப் பக்கம் தண்ணிய விட்டுட்டு, அப்புறம்..."

"மாமா, எந்தப் பக்கம் மொதல்ல விடுறதுன்னு பதிவுல எழுதலயே? வைங்க. வரப்புல எலி ஒடச்சிருக்கு, தண்ணி போவுது."

வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

"என்னங்க சொன்னா?" என்றாள் சரோஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஒங்கள மாதிரி ஒரு மனுஷன் உண்டான்னு சொல்லி அழுதுட்டா" என்றேன்.

சரோஜா தன் போனை எடுத்து வசந்தாவைக் கூப்பிட்டாள். அவளுக்கு மட்டும் வசந்தா உடனே எடுத்துவிட்டாள்.